உறுமுற நாயை அடிக்காதீங்க

போன மாசம் மொனராகலையில இருக்கிற என் தங்கச்சி வீட்டுக்குப் பஸ்ஸுல போனேன். பசறையில ஒரு ஆள் ஏறினான். முப்பது வயசு இருக்கும். கையில ஒரு உரச்சாக்கு, வாயைக் கயித்தால இறுக்கிக் கட்டியிருந்தான். சீட்டுக்கு அடியில தள்ளினப்ப சாக்கு அசைஞ்சுச்சு, முனகுச்சு. "என்னாப்பா அது, கோழியா?"ன்னு கேட்டேன்.

"நாய்ங்கம்மா. வீட்டுல புள்ள பொறந்திருக்கு. கீழ காட்டுப் பக்கம் விட்டுட்டு வரலாம்னு போறேன்."

சிரிச்சுக்கிட்டே சொன்னான். எத்தனை வருஷமா வளர்த்த நாய்னு கேட்டேன். ஆறு வருஷமாம். பக்கத்து சீட்டுக்காரர், "நல்ல வேலை செஞ்சீங்க தம்பி, புள்ளைதானே முக்கியம்"னு அவனைத் தட்டிக் கொடுக்கிறார். எனக்கு உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறிருச்சு. கத்தினேன். கண்டக்டர் என்னைத்தான் அடக்கினார். வீடு வாசல் ஒண்ணும் இல்லாத ஒரு வளைவுல பஸ்ஸை நிப்பாட்டச் சொல்லி, சாக்கைக் கீழே உதறிட்டு, அந்த ஆள் அதே பஸ்ஸுல பாய்ஞ்சு ஏறிக்கிட்டான். நாய் பஸ்ஸுக்குப் பின்னாலேயே ஓடி வந்துச்சு. பின் கண்ணாடியில ரொம்ப தூரம் தெரிஞ்சுச்சு.

அந்த எரிச்சல்லதான் இதை எழுதுறேன். நான் நாய் வைத்தியம் படிச்சவ இல்ல. மருத்துவமாது, பிரசவம் பார்க்கிறவ. மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்கள்ல முப்பத்தோரு வருஷம் மழையிலயும் பனியிலயும் தொழிலாளிங்க இருக்கிற லயம் லயமா ஏறி இறங்கின கால் இது. புள்ளைதான் முக்கியம்னு எனக்கு யாரும் பாடம் நடத்த வேணாம். புள்ளை முக்கியம்கிறதாலதான், வீட்டுல இருக்கிற நாய்கிட்ட எப்படி நடந்துக்கணும்னு நான் கத்துக்க வேண்டி வந்துச்சு.

பயிற்சியில சொல்லிக் கொடுத்தாங்களான்னு கேட்டா, இல்ல. ஒன்றரை வருஷம் படிச்சோம். தொப்புள் கொடியை எங்க கட்டுறது, மஞ்சள் காமாலையை எந்த வெளிச்சத்துல பார்க்கிறது, தாய்க்குச் சன்னி வந்தா என்ன செய்யிறது, எல்லாம் படிச்சோம். நாயைப் பத்தி ஒரே ஒரு வரிதான் சொன்னாங்க: கட்டிப் போடச் சொல்லுங்க. நானும் கிளிப்பிள்ளை மாதிரி வீட்டுக்கு வீடு அதையே சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்.

வேலைக்குச் சேர்ந்த மூணாவது வருஷம், நான் சொன்ன பேச்சைக் கேட்டு ஒரு குடும்பம் நாயைக் கட்டினாங்க. அதுவரைக்கும் காம்பராவுக்குள்ள அடுப்படியில சுருண்டு படுத்துக்கிட்டு இருந்த நாய். லயத்துக் காம்பரான்னா தெரியும்தானே, ஒரே அறை, முன்னால இஸ்தோப்புன்னு ஒரு சின்னத் திண்ணை. தாயும் புள்ளையும் வீட்டுக்கு வந்த அன்னைக்கே அதை இஸ்தோப்புத் தூண்ல சங்கிலி போட்டுக் கட்டியாச்சு. முப்பது நாள் தீட்டு. திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் தாய், புள்ளை, வாசம், அழுகை. இந்தப் பக்கம் நாய், குளிர், சங்கிலி. முப்பத்தோராம் நாள் வீட்டைக் கழுவி, புள்ளைக்குப் பேர் வச்சு, பாட்டன்காரர் புள்ளையைத் தூக்கிக்கிட்டு வெளிய வந்து, "பாருடா, உன் தம்பியைப் பாரு"ன்னு நாய் மூஞ்சிக்கிட்டயே நீட்டியிருக்கார்.

புள்ளை கன்னத்துல நாலு தையல். பதுளை ஆஸ்பத்திரியில நான்தான் கூட இருந்தேன். திரும்பி வந்தப்ப நாய் வாசல்ல செத்துக் கிடந்துச்சு. மம்மட்டிப் பிடியால அடிச்சே கொன்னிருந்தாங்க. "நன்றி கெட்ட நாய்"னு லயமே காறித் துப்புச்சு. நானும் அவங்களோட சேர்ந்து அப்படித்தான் சொன்னேன். இப்ப நினைச்சா என் வாயிலயே போட்டுக்கணும் போல இருக்கு.

அடுத்த மாசம் நாய்களுக்குத் தடுப்பூசி போட பசறையில இருந்து ஒரு மிருக வைத்தியர் வந்தாங்க. சிங்களப் பெண், தமிழை உடைச்சு உடைச்சுப் பேசுவாங்க. இந்தக் கதையைச் சொன்னேன். ஊசியைக் கீழே வச்சுட்டு என்னைப் பார்த்தாங்க.

"நோனா, புள்ள வந்த நாள்தானே நாய்க்குச் சங்கிலி வந்தது?"

"ஆமா."

"அப்ப நாய் என்ன படிக்கும்? புள்ள வந்தா வீடு போச்சு, அம்மா போச்சு, சங்கிலி வந்துச்சு. முப்பது நாள் நீங்க பாடம் சொல்லிக் குடுத்தீங்க. முப்பத்தொண்ணுக்குப் பரீட்சை வச்சீங்க."

அன்னைக்குப் பூரா அந்தம்மா பின்னாலேயே நடந்து கேள்வி மேல கேள்வியாக் கேட்டேன். அதுக்குப் பொறகு எங்க ஊசி போட வந்தாலும் போய் நின்னேன். நான் கத்துக்கிட்டது எல்லாம் அப்படிக் கத்துக்கிட்டதுதான்.

எங்க மேலதிகாரியைப் பத்தியும் சொல்லணும். தோட்டத்து மருந்துக் காம்பராவுக்குப் பொறுப்பானவர். டொக்டர் இல்ல, ஆனா டொக்டர் ஐயான்னுதான் கூப்பிடணும். இல்லாட்டி காது கேக்காது. காலையில நான் முந்தின நாள் பார்த்த வீடுகளைப் பத்திச் சொல்லணும். அவர் பிளேன் டீயை மூணு தடவை ஊதுவார். ஒரு வாய் குடிப்பார். பேனா மூடியைக் கழட்டுவார். அப்புறம்தான் "ம்". அந்த "ம்" என்னைப் பார்த்து வராது, முன்னால திறந்து கிடக்கிற பதிவுப் புத்தகத்தைப் பார்த்து வரும். நான் வேலைக்குச் சேர்ந்து மூணு வருஷம் கழிச்சு என்னை ரோட்டுல பார்த்து, "நீங்க எந்தத் தோட்டம்?"னு கேட்ட மனுஷன். லயத்துப் பக்கம் இறங்கினா சப்பாத்துல சேறு படும்னு ஜீப்பை விட்டு இறங்க மாட்டார்.

நான் ஓய்வு பெற நாலு வருஷம் இருக்கிறப்ப வந்ததுதான் சாந்தி கதை. சாந்தி கொழுந்து பறிக்கிற பிள்ளை, முதல் பிரசவம். புருஷன் ரவி கொழும்புல ஒரு இரும்புக் கடையில வேலை, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருவான். வீட்டுல மாமியார் பாக்கியமும் சாந்தியும்தான். அப்புறம் ஜிம்மி.

ஜிம்மி மாதிரி ஒரு நாயை நான் பார்த்ததில்ல. சாந்தி மலைக்குப் போனா கூடவே போகும். அவ கூடையை இறக்கி வச்சா கூடைப் பக்கத்துல உக்காந்துக்கும், கங்காணி கூட கிட்ட வர முடியாது. காட்டுப் பன்றி வந்தப்ப ஒத்தையா நின்னு விரட்டினது. அதெல்லாம் சரி, ஆனா புருஷன்காரன் ஊருக்கு வந்து அவ பாயில உக்காந்தா, ரெண்டு பேருக்கும் நடுவுல வந்து படுத்துக்கிட்டுப் பல்லைக் காட்டும். நான் வயித்தைப் பரிசோதிக்கப் போனா என் கைக்கும் அவ வயித்துக்கும் நடுவுல மூஞ்சியை நுழைக்கும். "எம் பொண்டாட்டியை எங்கிட்ட இருந்து காப்பாத்துறதுக்கு ஒரு போலீசு"ன்னு ரவி சிரிப்பான். சிரிக்கிற விஷயமா அது? புள்ளை அவ மடிக்கு வரப் போகுதே!

டொக்டர் ஐயாகிட்ட சொன்னேன். ஊதினார், குடிச்சார், மூடியைக் கழட்டினார்.

"நாயை அனுப்பிருங்க."

"எங்கங்க ஐயா அனுப்புறது?"

"அது எனக்கு எதுக்கு? நாய் வாலை நிமிர்த்த முடியாது. நாய் வேணுமா, புள்ளை வேணுமான்னு கேளுங்க."

போய்ச் சாந்திகிட்ட சொன்னேன். அவ அழல. "அம்மா, இந்த மனுசன் வருஷத்துல பத்து நாள்தான் வீட்டுல இருக்காரு. மத்த நாளெல்லாம் எங்க ரெண்டு பொம்பளைக்கும் யாரு காவல்? ஜிம்மி போச்சுன்னா நான் அந்த மலையில நிம்மதியா நிக்க முடியாதும்மா. ஆனா எம் புள்ள மேல பல்லுப் பட்டா நானே அதைக் கொன்னுருவேன். என்ன செய்யட்டும்?"ன்னா. ரெண்டும் உண்மை. அந்த ரெண்டு உண்மையையும் பத்தடிக் காம்பராவுக்குள்ள எப்படி ஒண்ணா வைக்கிறதுங்கிறதுதான் என் வேலை.

ஏழாம் மாசத்துல தொடங்கினோம். முதல்ல தடுப்பூசி. அப்புறம் படுக்கை. ஜிம்மி சாந்தி காலடியில படுக்கிறதை அப்பவே மாத்தணும், புள்ளை வந்த பொறகு மாத்துனா பழி புள்ளை மேல விழும். பழைய தேயிலைப் பெட்டி ஒண்ணை இஸ்தோப்பு மூலையில படுக்க வச்சு, சாந்தியோட பழைய சேலையை விரிச்சோம். அதுக்குள்ள ஜிம்மி இருந்தா யாரும் கை நீட்டக் கூடாது, கூப்பிடக் கூடாது, அது அதோட இடம். கதவுக்குக் குறுக்கே முழங்கால் உசரத்துக்கு ஒரு பலகை. நாய் வெளிய இருந்து எல்லாத்தையும் பார்க்கலாம், கூப்பிடாம உள்ள வர முடியாது. புள்ளைக்கு ஏணை கட்டுறதையும் முன்னாடியே கட்டினோம், துணிப் பொட்டலத்தைப் போட்டு ஆட்டிப் பழக்கினோம். லயமே வந்து வேடிக்கை பார்த்துச்சு. "மருத்துவமாதும்மாவுக்குக் கழண்டு போச்சு"ன்னாங்க. கழண்டா கழண்டுட்டுப் போகட்டும்.

பதுளையில ஆம்பளப் புள்ளை பொறந்துச்சு. ரவி லீவு எடுத்து வந்திருந்தான். புள்ளையைச் சுத்தியிருந்த துணியை அவன் கையில கொடுத்து, "முதல்ல இது வீட்டுக்குப் போகட்டும். மூக்குக்குக் கொண்டு போகாதே, நாலடி தள்ளி வை. அதுவா வந்து மோந்தா ஒரு துண்டு கருவாடு போடு"ன்னேன். செஞ்சான். ஆனா எனக்குக் காய்ச்சல், ஒரு வாரம் படுத்துட்டேன். தப்பு அந்த ஒரு வாரத்துலதான் நடந்துச்சு.

எழும்பிப் போறேன், ஜிம்மி தூண்ல கட்டிக் கிடக்கு. பலகை ஒரு ஓரத்துல. பாக்கியம் வாசல்லயே என்னை நிப்பாட்டி, "தீட்டு வீட்டுக்குள்ள நாய் எட்டிப் பார்க்கக் கூடாதும்மா. எங்க வழக்கம் அது"ங்குது. அதோட, "நல்லா அடங்கிருச்சும்மா. முந்தி புள்ளை அழுதா உறுமும். ரவி செருப்பால ரெண்டு நாள் போட்டான். இப்ப மூச்சு இல்ல"ன்னு பெருமையா வேற சொல்லுது.

புள்ளை அழுதுச்சு. நான் ஜிம்மியைப் பார்த்தேன். உறுமல. ஆனா உடம்பு பலகை மாதிரி விறைச்சுப் போச்சு. வாயை இறுக்கி மூடிக்கிச்சு, நாக்கு மட்டும் மூக்கை நக்கிட்டு உள்ள போகுது, கடைக்கண்ணுல வெள்ளை தெரியுது.

"அறிவு இருக்காடா உனக்கு?"ன்னு ரவியைப் பிடிச்சு வாங்கு வாங்குன்னு வாங்கினேன். "வாயில்லா ஜீவன், வாயில்லா ஜீவன்னு சொல்றோம். அதுக்கு இருக்கிற ஒரே வாய் அந்த உறுமல்தான்டா! எனக்குப் பயமா இருக்கு, தள்ளிப் போன்னு சொல்லுது. அதைச் செருப்பால அடைச்சுட்டே. இனி சொல்லாம கடிக்கும். அப்ப, நாய் திடீர்னு கடிச்சிருச்சுன்னு ஊரைக் கூட்டி அழுவே!"

அவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். "அடிச்சாத்தானேம்மா படியும்னு நினைச்சேன்"னான். எங்க ஆம்பளைங்களுக்குத் தெரிஞ்ச ஒரே வைத்தியம் அதுதானே. பொண்டாட்டிக்கும் அதுதான், நாய்க்கும் அதுதான்.

பாக்கியத்தோடதான் பெரிய சண்டை. "நாய்க்கு என்னம்மா தீட்டு?"ன்னேன். "பூசாரிகிட்ட கேளுங்க"ன்னுச்சு. சரி, கேப்போம்னு கையோட அதையும் கூட்டிக்கிட்டு கோயில் பூசாரிகிட்டயே போனேன். அவர் ரெண்டு பேரையும் பார்த்துட்டு, "நாய் திரைக்கு வெளிய இருந்தாப் போதும், கட்டணும்னு ஒண்ணும் இல்ல"ன்னுட்டார். புண்ணியவான். அன்னைக்கே சங்கிலியைக் கழட்டி, பலகையைப் போட்டோம்.

ஒண்ணுல இருந்து திரும்பத் தொடங்கினோம். எல்லா வீட்டுலயும் செய்யிற பிழை ஒண்ணு இருக்கு. புள்ளை தூங்குறப்ப "வாடா கண்ணா"ன்னு நாயைத் தடவுவாங்க, புள்ளை முழிச்சா "சீ, போ"ம்பாங்க. நாய் முட்டாளா? புள்ளை இல்லாட்டி எனக்கு வாழ்வுன்னு கணக்குப் போட்டுரும். அதை அப்படியே தலைகீழாப் புரட்டணும். புள்ளை தூங்குறப்ப நாயைக் கண்டுக்காதே. புள்ளை அழுதா நாய்க்குக் கருவாடு. புள்ளை பால் குடிக்கிறப்ப பலகைக்கு அந்தப் பக்கம் ஜிம்மிக்குச் சாந்தி குரல், "நல்ல புள்ளை ஜிம்மி." விறைச்சுதுன்னா ஒரு அடி பின்னுக்குப் போ. உறுமுனா புள்ளையைத் தூக்கிக்கிட்டு நீ நகரு, ஏன் உறுமுச்சுன்னு யோசி. கண் காணாம ரெண்டையும் ஒண்ணா ஒரு நிமிஷம் கூட விடாதே. தண்ணி பிடிக்கப் பீலிக்குப் போறியா, ஒண்ணு புள்ளை உன் கூட வரட்டும், இல்ல நாய் உன் கூட வரட்டும்.

கருவாடு போடுற வேலையைப் பாக்கியம் எடுத்துக்கிச்சு. லுணுகலைக் கடையில இதுக்குன்னே தூள் கருவாடு வாங்கும். முதல்ல முணுமுணுத்துக்கிட்டேதான் போட்டுச்சு: "வேலியில போன ஓணானை மடியில விட்டுக்கிட்ட கதை." ரெண்டு வாரம் போச்சு. ஒரு நாள் நான் இருக்கிறப்ப புள்ளை வீல்னு கத்துச்சு. ஜிம்மி விசுக்குன்னு எழும்பி, வாலை ஆட்டிக்கிட்டு, புள்ளையைப் பார்க்கல, பாக்கியம் கையைப் பார்க்குது! கிழவிக்குச் சிரிப்புத் தாங்கல. "அடப் பாவி, என் பேரனை அழ வச்சே தின்னுருவே போல"ன்னு ஒரு துண்டு கூடவே போட்டுச்சு. அன்னைக்கு வீட்டுக்குப் போற வழியில நான் அழுதேன். ஏன் மறைக்கணும், சந்தோஷத்துல அழுதேன்.

எட்டாம் மாசம் புள்ளை தவழத் தொடங்கிச்சு. அதுதான் ரெண்டாவது கண்டம். ஒரு நாள் இஸ்தோப்புல விட்டிருந்த புள்ளை தேயிலைப் பெட்டி வரைக்கும் தவழ்ந்து போய் கையை உள்ள விடப் பார்த்திருக்கு. ஜிம்மி உறுமிச்சு. சாந்தி பக்கத்துலதான் இருந்தா, புள்ளையைத் தூக்கிக்கிட்டு, பெட்டி இருந்த மூலைக்குக் குறுக்கேயும் ஒரு பலகை வச்சா. அவ்வளவுதான். ஒரு கீறல் இல்ல. எப்படி நடக்கணுமோ அப்படி நடந்துச்சு.

ஆனா பக்கத்துக் காம்பராக்காரி உறுமலைக் கேட்டுட்டு, மருந்துக் காம்பராவுல போய்ச் சொல்லிட்டா.

மறுநாள் நான் சாந்தி புள்ளைக்கு எடை பார்த்துக்கிட்டு இருக்கேன். ஜீப் சத்தம். டொக்டர் ஐயா! இத்தனை வருஷத்துல அந்த லயத்து மண்ணுல அவர் சப்பாத்தை அன்னைக்குத்தான் பார்த்தேன். கூட ரெண்டு ஆள், ஒருத்தன் கையில சாக்கு.

"நாயைப் பிடிங்கடா."

சாந்தி புள்ளையை என் கையிலயே விட்டுட்டு, பெட்டிக்கு முன்னால போய் நின்னா. "கடிச்சுச்சாங்க ஐயா? எங்க கடிச்சுச்சு, காட்டுங்க."

"உறுமுதாமே."

"உறுமட்டும்ங்க. அது உறுமுறதாலதான் எனக்குத் தெரியுது."

சாக்கு வச்சிருந்தவன் ஒரு எட்டு எடுத்து வச்சான். பாக்கியம் விறகுக் கட்டையோட வெளிய வந்துச்சு. அவன் நின்னுட்டான். டொக்டர் ஐயா சட்டைப் பையில இருந்து பேனாவை எடுத்தார், மூடியைக் கழட்டினார். ஒரு கடதாசியை நீட்டினார்.

"அப்பிடின்னா புள்ளைக்கு என்ன நடந்தாலும் தோட்டம் பொறுப்பில்ல, நான்தான் பொறுப்புன்னு எழுதிக் கையெழுத்துப் போடு. ஒரு குழந்தையோட உசிர் விஷயம். யாராவது பொறுப்பு எடுக்கணும்தானே?"

சாந்தி கடதாசியை வாங்கினா. நான் போட்டுருவான்னுதான் நினைச்சேன். அவ அதைப் பார்த்துக்கிட்டே நின்னா. அப்புறம் நிமிர்ந்தா.

"எனக்கு வலி கண்ட அன்னைக்கு ரோட்டுல மண்ணு சரிஞ்சு கிடந்துச்சு. அம்புலன்ஸ் மேல வராதுன்னாங்க. கொழுந்து லொறியில, சாக்கு மேல படுத்துக்கிட்டுப் போனேன். மூணு மணி நேரம். தண்ணிக்குடம் லொறியிலயே உடைஞ்சுச்சு. அன்னைக்கும் இதே புள்ளையோட உசிருதான் ஐயா. அந்த லொறிக்கு யாரு பொறுப்புன்னு கையெழுத்துப் போட்டாங்க? அந்தக் கடதாசியைக் கொண்டு வாங்க. அதுக்குக் கீழ நானும் போடுறேன்."

டொக்டர் ஐயா பேனாவை மூடினார். ஜீப் திரும்பிப் போச்சு. ஜிம்மி இன்னும் இருக்கு, கிழடு தட்டிருச்சு. அந்தப் பையன் இப்ப பள்ளிக்கூடம் போறான்.

நான் அன்னைக்குப் புள்ளையைக் கையில வச்சுக்கிட்டு ஊமையா நின்னேன். அந்த லொறியில சாந்தி தலையை என் மடியில வச்சுக்கிட்டுப் போனவ நான்தான். அவளுக்கு முன்னாலயும் எத்தனையோ பேரை அப்படிக் கொண்டு போயிருக்கேன், ரெண்டு புள்ளைங்களைத் துணியில சுத்தித் திரும்பிக் கொண்டு வந்திருக்கேன். வீட்டுக்கு வீடு போய், உறுமுற நாயை அடிக்காதீங்கன்னு தொண்டை கிழியக் கத்தினவ, முப்பது வருஷத்துல ஒரு நாள், ஒரே ஒரு நாள் கூட, நான் உறுமல.